பலகைத் தரையின் கீழே காற்று

சமவெளியில் வாழும் நம்மவர்க்கு வீட்டுத் தரை என்றால், மண்ணைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் சிமெண்டுக் கலவை பரப்பிக் கல்லோ ஓடோ பதித்த தளமே நினைவுக்கு வரும். காலடியில் ஒரு வெற்றிடம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. ஆனால் சிம்லா, டார்ஜிலிங், ஷில்லாங் முதலிய மலையூர்களுக்கு அலுவல் காரணமாகக் குடிபெயர்வோர், அங்குள்ள பழைய வீடுகளில் முதல் நாளே ஒரு வேறுபாட்டை உணர்வர். நடந்தால் தரை ஒலிக்கும். குழந்தை ஓடினால் அலமாரியிலுள்ள பாத்திரம் அதிரும். அத்தரை மண்ணின்மேல் கிடப்பதன்று. மரச் சட்டங்களை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் பலகை பாவி, மண்ணுக்கு ஓர் அடியோ இரண்டடியோ உயரத்தில் நிறுத்தப்பட்டது. மலைநாட்டுக் குளிரில் கல்தரை கால்களை விறைக்கச் செய்யும். மரம் அவ்வாறு செய்யாது. அதற்காகவே இந்த ஏற்பாடு.

இவ்வாறு நிறுத்தப்பட்ட தரைக்கும் அடியிலுள்ள மண்ணுக்கும் இடையே அமையும் வெற்றிடத்தைப் பற்றியே இப்போது சொல்லப் போகிறேன். மேலே வசிப்பவர் கண்ணில் அது படுவதில்லை. எனினும், தரை ஐம்பது ஆண்டு நிற்குமா, ஐந்தே ஆண்டில் உக்கிப் போகுமா என்பதை முடிவு செய்வது அவ்விடந்தான். தம் சொந்த முயற்சியில் வீடு கட்டிக்கொள்வோர் பெரிதும் தவறுகின்ற இடமும் அதுவே. நல்ல வேளையாக, வீட்டை இடிக்காமலே திருத்திக்கொள்ளக்கூடிய தவறு அது.

மண் ஒருபோதும் முற்றிலும் உலர்வதில்லை. மேற்பரப்பு காய்ந்து தோன்றினும், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி இடைவிடாது மேலெழுந்துகொண்டே இருக்கும். இதைத்தான் நாம் ஓதம் என்கிறோம். நெல் மூட்டைகளை வெறுந்தரையில் அடுக்காமல், பலகைகளின்மேலோ கட்டைகளின்மேலோ அடுக்கும் வழக்கம் இதனை அறிந்தே ஏற்பட்டது. மூட்டைக்கு அடியில் காற்று புகுந்து வெளியேறினால் ஓதமும் அதனுடன் போய்விடும். நெல் முளைவிடாது, பூசணம் பிடிக்காது. மரத் தரைக்கும் இதே நியாயந்தான். வெற்றிடத்தைச் சூழ்ந்துள்ள அடிச்சுவரில் எதிரெதிராகத் துளைகள் விட்டால், ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறும்போது மண்ணின் ஆவியையும் சுமந்து செல்லும்.

இமாசலப் பிரதேசத்தின் பழைய கிராமவாசிகள் இச்சிக்கலை வேறொரு வகையில் தீர்த்திருந்தனர். காட்-குனி என்று பெயர் பெற்ற அவர்களுடைய வீடுகளில், கல்வரிசையும் மரச்சட்டமும் மாறி மாறி அடுக்கப்பட்டுச் சுவர் எழும். கீழ்த்தளம் ஆடுமாடுகளுக்கு, மனிதர் வசிப்பது மேலே. ஆகவே மனிதர் படுத்துறங்கும் பலகைத் தரை மண்ணை விட்டு ஓராள் உயரத்தில் இருந்தது. அதன் அடிப்புறத்தை எவரும் எப்போதும் பார்க்கலாம். 1864-இல் சிம்லா கோடைக்காலத் தலைநகராயிற்று. ஆங்கிலேயர் தம் நாட்டு முறைப்படி வீடுகள் கட்டினர். தரையைத் தாழ்த்தி, கீழே ஒடுக்கமான வெற்றிடம் விட்டு, அடிச்சுவரில் இரும்புச் சல்லடை வைத்த துளைகளை அமைப்பது அம்முறை. இன்று அங்கே சொந்தமாக வீடு கட்டுவோர் பலர் இந்த இரண்டாம் முறையின் தோற்றத்தை மட்டும் கண்டு பின்பற்றுகின்றனர். சல்லடை எதற்கு என்பது மேஸ்திரிக்கும் தெரிவதில்லை, வீட்டுக்காரருக்கும் தெரிவதில்லை.

ஓதம் வெளியேறாவிட்டால் நேர்வது யாது? உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாகவே நீர் இருக்குமளவும், மரத்தைத் தின்னும் பூசணங்கள் அதில் இடங்கொள்ள இயலாது. அந்த அளவு 25, 30 என்று ஏறிவிட்டால் அவை முளைத்துப் பரவும். பலகையின் மேற்புறத்தில் மெருகு பளபளக்கும். அடிப்புறமோ ரொட்டித் துண்டுபோல் நொறுங்கும். இமயமலைப் பகுதியில் இதற்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. ஐரோப்பாவின் பழைய மாளிகைகளையும் மாதா கோயில்களையும் அழித்துப் பெயர் பெற்ற பூசணம் ஒன்று செர்புலா லாக்ரிமான்ஸ் என வழங்குவது. அங்கே அது பெரும்பாலும் கட்டடங்களுக்குள்தான் காணப்படுகிறது. காட்டில் தானாக வளரும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று இமயமலை. சிம்லாவுக்கு அப்பால் நார்கண்டாவைச் சூழ்ந்த காடுகளில் அது கண்டெடுக்கப்பட்டுள்ளது. வேரிழைபோன்ற நரம்புகளை நீட்டிக் கற்சுவரின்மேலும் ஊர்ந்து, ஓரிடத்து ஈரத்தை இன்னோர் இடத்து மரத்துக்குக் கொண்டு செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. சற்றேறக்குறைய 20 டிகிரி வெப்பம் அதற்கு மிக உவப்பானது. 27 டிகிரியைத் தாண்டினால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே மதுரையிலோ சென்னையிலோ இப்பூசணத்தைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டுவதில்லை; அங்கே அதன் வேலையைக் கரையான் செய்துவிடுகிறது. சிம்லாவின் மழைக்காலமோ இதற்கென்றே அமைந்தது போன்றது.

ஆங்கிலத்தில் இப்பூசணத்தின் அழிவுக்கு 'உலர்ந்த அழுகல்' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் படிப்பவர், மரம் உலர்ந்து போனதனால் அழுகியது என்றே எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறு. ஈரம் இன்றி அது தோன்றவே தோன்றாது. அழிந்த பின்னர் எஞ்சும் மரம் உலர்ந்து, கட்டம் கட்டமாக வெடித்துக் கிடப்பதால் அப்பெயர் வந்தது. லத்தீனில் இட்ட பெயரே மேல். 'லாக்ரிமான்ஸ்' என்றால் கண்ணீர் வடிப்பது. வளரும் பூசணத்தின்மேல் நீர்த்துளிகள் அரும்பி நிற்பதைப் பார்த்து வைத்த பெயர் அது.

இனி ஒரு வீட்டைச் சான்றாகக் காண்போம். என்னோடு டில்லியில் பணியாற்றிய நண்பர் ஒருவர் சிம்லா மாவட்டத்தைச் சேர்ந்தவர். ஓய்வு பெற்றதும், மலைச்சரிவில் இருந்த தம் தந்தைவழி நிலத்தில் வீடு கட்டிக்கொண்டார். எவரிடமும் மொத்தமாக ஒப்படைக்காமல், தாமே கொத்தனாரையும் தச்சரையும் அமர்த்தி, நாள்தோறும் உடனிருந்து கட்டிய வீடு. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், வரிசையாக மூன்று அறைகள், கல்லால் அடிச்சுவர், அதன்மேல் பலகைத் தரை. அடிச்சுவரில் காற்றுத் துளைகளையும் அவர் மறக்கவில்லை. எட்டுத் துளைகள், ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம், அழகான வார்ப்பிரும்புச் சல்லடையோடு கொசுவலையும் பொருத்தியவை. மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில், அவருடைய முதிய தாயாரின் கட்டிற்கால் ஒன்று பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. அம்மையாருக்குக் காயமில்லை. ஆனால் அன்று முதல் அவ்வறையில் உறங்க அஞ்சினார். இரவில் கூடத்து நாற்காலியிலேயே சாய்ந்திருப்பாராம். வந்து பார்த்த கட்டட வேலைக்காரர், தரை முழுவதையும் பெயர்த்தெறிந்து, வெற்றிடத்தை மண்ணிட்டு நிரப்பிக் கான்கிரீட் போடுவதுதான் வழி என்றார். அதற்கு அவர் கேட்ட தொகை, நண்பர் தம் பணிக்கொடையில் மிச்சம் வைத்திருந்ததைவிட அதிகம்.

எட்டுத் துளைகள் இருந்தும் தரை உக்கியது ஏன்? துளைகளின் பரப்பு போதவில்லையோ என்று முதலில் தோன்றும். இதற்கு நாட்டுக்கு நாடு ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி, வெளிச்சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 15 சதுர சென்டிமீட்டர், அல்லது தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 5 சதுர சென்டிமீட்டர், இவற்றில் எது அதிகமோ அது வேண்டும் என்கிறது. நண்பர் வீட்டுக்கு அது 480 சதுர சென்டிமீட்டர் ஆகும். ஜப்பானிய விதியோ ஒவ்வொரு 5 மீட்டர் சுவருக்கும் 300 சதுர சென்டிமீட்டர் கேட்கிறது. அப்படியானால் 2,000-க்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி, தரைப் பரப்பில் 150-இல் ஒரு பங்கு என்கிறது, அது 4,000. ஆனால் அதே அமெரிக்க விதி, வெற்றிடத்து மண்ணை ஆவி புகாத விரிப்பினால் மூடிவிட்டால் 1,500-இல் ஒரு பங்கு போதும் என்று இறங்கி வருகிறது. அப்போது தேவை வெறும் 400! இங்கிலாந்தின் கணக்கு சிறிதாக இருப்பதற்கும் இதுவே காரணம். அங்கே வெற்றிடத்து மண்ணைக் கான்கிரீட்டினால் மூட வேண்டும் என்பது முன்னரே விதிக்கப்பட்டது. மண்ணை மூடுவது ஒன்றே துளைகளின் தேவையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறது என்றால், தவறு முதன்மையாக எங்கே இருக்கிறது என்பது விளங்கும். நண்பர் வீட்டுத் துளைகளின் மொத்தப் பரப்பு 2,400. சல்லடைக் கம்பியும், கொசுவலையும், அதில் படிந்த தூசும் சிலந்திக் கூடும் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துவிட்டன என்றே கொண்டாலும், எஞ்சியது 800. ஆகப் பரப்பில் பெருங்குறை இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. எட்டுத் துளைகளும் வீட்டின் முன்புறச் சுவரிலேயே இருந்தன! பின்புறச் சுவர் மலையை வெட்டிய இடத்தில், மண்ணோடு மண்ணாகச் சாய்ந்து நின்றமையால் அங்கே துளை விட முடியவில்லை. அறைகளைப் பிரிக்கும் இரண்டு குறுக்குச் சுவர்களும் தரைக்குக் கீழே இடைவெளி இன்றி அடித்தளம் வரை இறங்கியிருந்தன. ஆக, வெற்றிடம் ஒன்றாக இல்லாமல், ஒரே பக்கம் வாய் திறந்த மூன்று குகைகளாகிவிட்டது. ஒரு குப்பியின் வாயில் எவ்வளவு பலமாக ஊதினாலும் அதன் அடியிலுள்ள காற்று வெளியே வருமா? 'காற்றோட்டம்' என்ற நம் சொல்லில் 'ஓட்டம்' இருக்கிறது. புகுவாய் மட்டும் வைத்துப் போக்கு வாய் வைக்காத இடத்தில் காற்று இருக்கும், ஓட்டம் இராது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அச்சொல்லை ஆக்கியவரை நான் பல முறை மெச்சியதுண்டு.

இவை போதாவென்று வேறு சிலவும் சேர்ந்துகொண்டன. வீடு முடிந்த பிறகு முன்புறத்தில் கல்பாவியபோது முற்றம் நான்கு அங்குலம் உயர்ந்தது. துளைகளின் கீழ்விளிம்பும் முற்றமும் ஒரே மட்டமாயின. மழைநீர் தெறித்து உள்ளே செல்ல வேறு வழி வேண்டுமா? வெற்றிடத்துக்குள் தச்சர் விட்டுச் சென்ற மரச் சீவலும், பலகைத் துண்டுகளும், சிமெண்டுக் காகிதப் பைகளும் அப்படியே கிடந்தன. கரையானுக்கும் பூசணத்துக்கும் விருந்து வைத்ததுபோல என்பது மிகையன்று. இவற்றுள் எதையும் கொத்தனாரின் தனித்த குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். சமதளத்து வீட்டின் முறையை மலைச்சரிவில் அப்படியே வைத்ததன் விளைவு இது.

இந்நிலையில் பலர் செய்யும் காரியம், துளைகளை இன்னும் பெரிதாக்குவது. மழைக்காலத்தில் அதனால் தீமையே விளையக்கூடும். இதனைச் சற்று விளக்க வேண்டும். 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஜூலை மாதத்துச் சிம்லாக் காற்று அதில் நூற்றுக்கு 90 பங்கை, அதாவது 15 1/2 கிராமை, ஏற்கெனவே சுமந்து வருகிறது. அது வெற்றிடத்தில் புகுந்து, நிழலில் குளிர்ந்து கிடக்கும் 16 டிகிரி மண்ணையும் சட்டங்களையும் தொட்டால், அவ்வெப்பத்தில் காற்றினால் 13 1/2 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்க முடியும். மிஞ்சிய இரண்டு கிராம் நீர், குளிர்ந்த செம்பின் புறத்தே முத்து முத்தாய் வியர்ப்பதுபோல, மரத்தின்மேல் படிந்துவிடும். டிசம்பரிலோ நிலைமை தலைகீழ். 5 டிகிரிக் குளிர்காற்று நிரம்பினாலும் 7 கிராமுக்கு மேல் நீராவி கொள்ளாது. அது 10 டிகிரியுள்ள வெற்றிடத்தில் புகுந்து வெதும்பும்போது 9 கிராம் வரை கொள்ளும். வந்த காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். ஆகவே மரத்தை உலர்த்தும் உண்மையான காலம் குளிர்காலமே. மலையூர்வாசிகள் பலர் நவம்பரில் கால் குளிர்கிறது என்று இத்துளைகளில் கந்தைத் துணியை அடைத்துவிடுகின்றனர். ஆண்டில் உள்ள சிறந்த நான்கு மாதங்களை இழப்பதற்கு இதைவிட எளிய உபாயம் இல்லை. குளிரைத் தடுக்க வேண்டுமானால், சட்டங்களுக்கு இடையே பலகையின் அடிப்புறத்தில் கம்பளிபோன்ற காப்புப் பொருளை வலைகட்டித் தாங்கவைப்பதே முறை. துளையை அடைப்பது முறையன்று.

பழுது பார்க்கப் புகுமுன் நோயைச் சோதித்தறிய வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அறையின் மூலையில், பின்சுவரை ஒட்டி, ஒரு பலகையைக் கவனமாகப் பெயர்த்தெடுங்கள். முதலில் எழும் வாடையே பாதி செய்தியைச் சொல்லிவிடும். கூரிய தமரூசியாலோ கத்தி முனையாலோ சட்டத்தின் முனையைக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைப் பற்றிக்கொள்ளும், உக்கிய மரம் வழிவிடும். சட்டம் சுவருக்குள் செருகப்பட்டிருக்கும் முனையே முதலில் உக்கும் இடம். பிறகு இரண்டடிச் சதுரமான பாலிதீன் தாளொன்றை உள்ளிருக்கும் மண்ணின்மேல் விரித்து, ஓரங்களில் கல் வைத்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடிப்புறத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேற்புறத்தில் இருந்தால் காற்றிலிருந்து வருகிறது. இரு புறமும் இருந்தால் இரண்டிலிருந்தும்தான். கடைசியாக, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தித் துளைகளின் அருகே ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். புகை ஒரு துளையில் உள்ளிழுக்கப்பட்டு வேறொன்றில் வெளித்தள்ளப்பட வேண்டும். நண்பர் வீட்டில் புகை எட்டுத் துளைகளிலும் நேராக மேலே எழுந்தது. சமையல் எரிவாயுக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே இச்சோதனையைச் செய்க. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தைத் தேடிச் சென்று தங்கும்.

பழுதுபார்க்க உகந்த காலம் மழை ஓய்ந்த பிறகு, செப்டம்பர் கடைசியிலிருந்து உறைபனி தொடங்கும் வரை. வேலையின் வரிசை முக்கியமானது. நீர், மண், காற்று, மரம் என்று செல்ல வேண்டுமேயன்றி மரத்திலிருந்து தொடங்கலாகாது. புதுப் பலகை பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும் என்பதால் எல்லோரும் அதிலேயே தொடங்குகின்றனர். மூன்றாம் ஆண்டு மறுபடியும் தச்சரைத் தேடுகின்றனர்.

மலைப்பக்கத்திலிருந்து இறங்கிவரும் நீரைப் பின்சுவரைத் தொடுமுன்னரே மறித்துத் திருப்பிவிட வேண்டும். நண்பர், வீட்டுக்கு மேலே மலை வெட்டின் விளிம்பை ஒட்டி ஒரு கால்வாய் வெட்டி, கல் பதித்து, இரு பக்கமும் சரிவு கொடுத்துக் கீழே விட்டார். கூரைத் தண்ணீருக்குத் தகரத் தாழ்வாரம் அமைத்துக் குழாய் வழியே அப்பால் கொண்டு சென்றார். முன்புறத்தில் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குப் பாவிய கற்களைப் பெயர்த்து, பள்ளமாக்கிச் சரளை நிரப்பினார். துளைகள் மீண்டும் தரைமட்டத்துக்கு மேலே வந்தன. இவ்வளவில் வேலையின் சரிபாதி முடிந்தது என்பேன்.

அடுத்தது வெற்றிடத்துக்குள் இறங்கிக் குப்பையைச் சுத்தமாக அகற்றுதல். ஒருவர் தனியே இறங்கலாகாது. மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கைவிளக்குடன் இறங்குவது நலம். தேளும் பாம்பும் நமக்கு முன்பே அங்கே குடியேறியிருக்கலாம். குப்பை நீங்கிய பின் மண்ணை மட்டப்படுத்தி, கால் மில்லிமீட்டர்க் கனமுள்ள பாலிதீன் விரிப்பைப் பரப்பலாம். ஒரு விரிப்பின்மேல் மற்றொன்று ஓரடியேனும் ஏறி நிற்க வேண்டும். சுவரோரங்களில் அரையடி மேலே மடித்து, கல் வைத்து நிறுத்த வேண்டும். மரச் சட்டத்தை அது தொடலாகாது. ஈரமான மரத்தைப் பாலிதீனால் போர்த்துவது, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவது போன்றதன்று. நனைந்தவனை அப்படியே மூட்டை கட்டுவது போன்றது.

இனிக் காற்றின் வழி. குறுக்குச் சுவர்கள் ஒவ்வொன்றிலும் இரு கோடியிலும் ஒவ்வொன்றும் நடுவில் ஒன்றுமாகத் துளைகள் இட்டனர். கல்சுவரில் இதனை அவசரமாகச் செய்யக் கூடாது. ஒரு கல்லை எடுத்ததும் மேலே தாங்கு கல் ஒன்றைச் செருகிய பின்னரே அடுத்ததை எடுக்க வேண்டும். கதவு நிலைக்கும் உத்தரத்தின் தாங்கலுக்கும் நேர் கீழே கை வைக்கலாகாது. பக்கச் சுவர்களில், சரிவில் நிலம் தாழ்ந்திருந்த இடத்தில், ஆளுக்கொன்றாக இரண்டு புதிய துளைகள். மண்ணில் புதைந்த பின்சுவருக்கு என்ன வழி? ஒவ்வோர் அறையின் பின்மூலையிலும் தரையைத் துளைத்து, 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயொன்றை வெற்றிடத்திலிருந்து மேலே எழுப்பி, அறை மூலையோடு கொண்டுசென்று, கூரைக்கு மேல் விட்டனர். குழாயை மரப்பெட்டி கட்டி மறைத்துவிட்டால் அலமாரியின் பகுதி போலவே தோன்றும். ஒரு குழாயின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 85 சதுர சென்டிமீட்டர்; மூன்றுக்கும் சேர்த்து 250-க்குச் சற்று மேல். அறையின் வெப்பத்தால் குழாயிலுள்ள காற்று வெதும்பி மேலெழும். அது விட்டுச் செல்லும் இடத்துக்கு முன்புறத் துளைகளிலிருந்து புதுக்காற்று வந்து சேரும். புகைபோக்கி இழுப்பது எவ்வாறோ அவ்வாறே. மழைக்காலத்தில் இவ்விழுப்பு மிகவும் குறைவு. குளிர்கால இரவுகளில்தான் வலிமை அதிகம். முன்னர்ச் சொன்ன கணக்கின்படி நமக்கு வேண்டியதும் அதுவே. மழை மாதங்களில் காவல் காப்பது தரையில் விரித்த பாலிதீன். கொசுவலைகளைக் கழற்றிவிட்டு, எலி புகாத அளவுக்கு 6 மில்லிமீட்டர்க் கண்ணுள்ள கம்பிவலை வைத்தாயிற்று. நீர் தேங்காத இடத்தில் கொசு முட்டையிடாது.

மரவேலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உக்கிய முனைகளை, கண்ணுக்குத் தெரியும் கடைசி அடையாளத்துக்கு அப்பாலும் ஒன்றரை அடி விட்டு அறுத்தெறிந்து, பக்கத்தில் புதுச்சட்டம் இணைத்து மரையாணியால் முடுக்க வேண்டும். சுவரில் செருகும் முனையைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளியும், அடியில் தார்த்தாளும் வேண்டும். தேவதாருவின் வைர மரம் இயல்பாகவே பூசணத்தை எதிர்க்கும். அதன் வெளிப்புற வெண்மரத்துக்கு அவ்வாற்றல் இல்லை. பிற பைன் மரங்களுக்கு மருந்து ஏற்றியே ஆகவேண்டும். இவ்விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மரக் காப்பு மருந்தை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தவர் சொண்டி காமேசன் என்ற இந்தியர். உலகெங்கும் மின்கம்பங்களும் ரயில் கட்டைகளும் அம்மருந்தால் நீண்ட ஆயுள் பெற்றன. ஆயினும் ஆர்சனிக் நஞ்சாகையால், 2003 இறுதியோடு அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்கு அது கைவிடப்பட்டது. அம்மருந்து ஏற்றிய பழைய மரத் துண்டுகளை ஒருபோதும் அடுப்பில் எரிக்காதீர்கள். புகையோடும் சாம்பலோடும் நஞ்சு வரும். வீட்டுக்குள் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் ஏற்றது. நீர்பட்டால் அது கரைந்து போய்விடும் என்பது ஒரு குறை. அதனாலேயே நீரையும் மண்ணையும் முதலில் கவனிக்கச் சொன்னேன்.

காற்றே வேண்டாம், எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவது மேல் என்று கூறுவோரும் உளர். அமெரிக்காவின் வட கரோலினாவில் 2000-க்குப் பின் நடந்த ஆய்வுகள், புழுக்கமான கோடையுள்ள அவ்விடத்தில், மண்ணை முழுவதும் மூடித் துளைகளையும் அடைத்த வெற்றிடங்களே அதிகம் உலர்ந்திருந்தன என்று காட்டியது உண்மைதான். ஆனால் அம்முறையில் உள்ளிருக்கும் ஈரத்தை வாங்க மின் இயந்திரமோ வீட்டுக் குளிர்சாதனக் காற்றோ இடைவிடாது உதவ வேண்டும். பனிப்புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமற் போகும் மலைக்கிராமத்தில் இயந்திரத்தை நம்பித் துளையை அடைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நண்பர் தரையில் ஐந்திலொரு பங்குப் பலகையே புதிதாக மாற்ற நேர்ந்தது. சட்டங்களில் நான்கிற்கு மட்டும் முனை வெட்டி ஒட்டினர். தாயாரின் கட்டில் மீண்டும் அதே அறைக்கு வந்தது, சுவரோரத்திலிருந்து சற்றுத் தள்ளி. கட்டிலுக்கு அருகே, பின்மூலையில், இரண்டடிச் சதுரமான ஒரு பலகையை மட்டும் ஆணி அடிக்காமல் கைப்பிடி வைத்துத் திறக்கும்படி விட்டிருக்கின்றனர். ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் மழை நின்ற செப்டம்பரிலும், அதனைத் திறந்து விளக்குப் பிடித்துப் பார்க்கிறார்கள். பாலிதீனின்மேல் நீர் நிற்கிறதா, வலையில் தூசி அடைத்திருக்கிறதா, சட்டத்தின் முனையில் வெண்பஞ்சுபோல் ஏதேனும் படர்ந்திருக்கிறதா என்று நோக்கிவிட்டு மூடிவிட, கால் மணி நேரம் ஆகிறது.